எழுதி முடித்த பிறகே அடுத்த பேச்சு

குழித்துறை பெனிஷுக்கு நோய் தெரியும், மருந்தும் தெரியும். மருந்துப் பெட்டியின் சாவி மட்டும் எப்போதும் வேறு யாரிடமாவது இருக்கும். நாற்பதை நெருங்குவதற்குள் இதை அவன் ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆக்கிக்கொண்டுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தில் ஒலிபெருக்கி பார்ப்பது அவன்தான். பிரசங்க உற்சாகத்தில் போதகர் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் வந்து நிற்பார். ஸ்பீக்கர் கூவும். சபை மொத்தமும் திரும்பி பெனிஷைப் பார்க்கும். போதகர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தால் தீர்ந்தது. ஆனால் பிரசங்கத்தின் நடுவில் அதை அவரிடம் சொல்ல முடியாது. பிரசங்கம் முடிந்த பிறகு சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆகவே பெனிஷ் கையில் அகப்பட்ட ஒரு குமிழைத் திருகுவதுபோலப் பாவனை செய்வான். சபை திருப்தியடைந்து முன்பக்கம் திரும்பிக்கொள்ளும்.

மற்ற நாட்களில் தக்கலையில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கும் மென்பொருள் நிறுவனத்தில் சர்வர் பார்ப்பான். அந்தச் சர்வரை அவன் பார்த்ததே கிடையாது. அது மும்பையில் எங்கோ வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தது. தக்கலையில் இருந்தது அதன் குறைகள் மட்டும்.

நிறுவனத்துக்குச் சோறு போட்டது கொச்சியிலிருந்த ஓர் ஆளெடுப்பு ஏஜென்சி. மஸ்கட்டிலும் சுற்றுவட்டத்திலும் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களை அனுப்புகிறவர்கள். வருஷத்துக்கு இரண்டு முறை நேர்முகத்துக்கான இடங்களை இணையத்தில் திறந்துவிடுவார்கள். காலை பத்து மணிக்குத் திறக்கும். விண்ணப்பத்தை முதலில் முடிக்கிறவர்களுக்கு இடம். நெய்யாற்றின்கரையிலிருந்து இராஜாக்கமங்கலம் வரை கைபேசியும் நர்சிங் சான்றிதழும் உள்ள அத்தனை பெண்களும் ஒரே பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். அந்தக் கூட்டத்தைத் தாங்குவதுதான் பெனிஷ் பார்க்கும் சர்வரின் வேலை. சுமாராகத் தாங்கியும் வந்தது.

நிறுவனத்தின் உரிமையாளர் ஜான்ரோஸ் சார். மென்பொருளுக்கு வருவதற்கு முன்னும் வந்த பின்னும் அவர் சபைக் கமிட்டியின் செயலர். அவருடைய கமிட்டியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பேசி முடித்ததும் சார் இடது கையை உயர்த்துவார். வலது கை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்கும். எழுதி, வாசித்து, எல்லோரும் ஒப்புக்கொண்டு, இடது கை கீழே இறங்கிய பிறகே அடுத்தவர் வாய் திறக்கலாம். ஆலயக் கூரை ஒழுகுவதைப் பற்றிய விவாதம் இவ்வாறு நடந்து முடிந்தபோது மழைக்காலமும் முடிந்திருந்தது. அதே சமயம், அவர் செயலராக இருந்த வருஷங்களில் அந்தச் சபையில் ஒரு வழக்குகூடக் கோர்ட்டுக்குப் போகவில்லை. கோபத்தோடு எழுந்தவன் இடது கை இறங்கும்வரை நின்று நின்று, என்னத்துக்கு எழுந்தோம் என்பதையே மறந்து உட்கார்ந்துவிடுவான். பக்கத்துச் சபைக்காரர்கள் சாரைக் கேலி செய்துகொண்டே கோர்ட்டுக்குப் போய்வந்தார்கள்.

போன முறை இடங்கள் திறந்தபோது ஒரு தகராறு வந்தது. நான்தான் முதலில் அழுத்தினேன், எனக்குக் கிடைக்கவில்லை, பின்னால் வந்தவளுக்குக் கிடைத்தது என்று ஒரு பெண் ஏஜென்சிக்காரர்களைப் போட்டு வாட்டிவிட்டாள். அவர்கள் ஜான்ரோஸ் சாரிடம் ஆதாரம் கேட்டார்கள். சர்வர் தான் செய்வதையெல்லாம் தானே எழுதிவைக்கும் குறிப்புக்கு லாக் என்று பெயர். கட்டிச் சோதிக்கும் காலத்தில் அது எல்லாவற்றையும் எழுதும். கூட்டம் வந்து புழங்கும் சர்வரில் தவறு நடந்தால் மட்டும் எழுதும்படி வைப்பது உலக வழக்கம். அந்தப் பெண்ணின் விஷயத்தில் தவறு ஏதும் நடக்கவில்லை. ஆகவே எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"எழுதல்லியா?" என்றார் ஜான்ரோஸ் சார். ஆலயம் எரிந்துவிட்டது என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த முகம் அப்படி ஆகியிருக்கும்.

அன்றே உத்தரவு போட்டார். யார் வந்தார்கள், எந்த ஊர், எந்தப் பொத்தான், சர்வர் என்ன யோசித்தது, என்ன பதில் சொன்னது, எல்லாம் லாகில் வர வேண்டும். பெனிஷ் எச்சரித்தான்.

"சார், எல்லாத்தையும் எழுதலாம். ஆனா நெனவுல கொஞ்சம் சேத்து வச்சிட்டு, ஓய்வு கிடைக்கும்போ மொத்தமா எழுதுகது மாதிரி வைப்போம். இல்லேன்னா ஆளு காத்து நிக்கணும்."

"நெனவுல வச்சிட்டு பெறவு எழுதுனா அது மினிட்ஸ் இல்லடே, கத. எடையில கரண்டு போச்சுன்னா நெனவும் போச்சு. ஒரு வரி எழுதி, அது டிஸ்குல விழுந்தாச்சுன்னு உறுதியான பெறவு அடுத்த வேல பாத்தா போரும்."

"மெதுவாகும் சார்."

"எதுனால மெதுவாகுகுன்னு அதையும் எழுதச் சொல்லு."

ஒவ்வொரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆனது என்று இன்னொரு வரி எழுதும்படி பெனிஷ் சர்வருக்குச் சொல்லிக் கொடுத்தான். பக்கத்து மேஜையில் உட்காரும் முஹம்மது ஷரீஃப், தேங்காப்பட்டணத்துக்காரன், அதை எட்டிப் பார்த்தான்.

"மக்கா, சோறு திங்கியதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு ஒவ்வொரு உருளைக்கும் எழுந்திரிச்சு போய் எழுதி வச்சிட்டு வந்தா, வயிறு எப்பம் நெறையும்?"

"வயிறு நெறையாது. கணக்கு நெறையும்."

"அப்ப சாருக்கு சந்தோசம்."

எந்த மாற்றத்தையும் பெனிஷ் முதலில் சோதனைப் பெட்டியில் ஓட்டிப் பார்ப்பான். அது வெளியாட்கள் வராத, சும்மா கிடக்கும் இன்னொரு சர்வர். அதில் விண்ணப்பம் போட ஒரு பெயர் வேண்டும், ஒரு பிறந்த தேதி வேண்டும். ஆரம்பத்திலிருந்தே தங்கை பிரீனாவின் பெயரைத்தான் அவன் போட்டுவந்தான். யோசிக்காமல் விரலுக்கு வந்த விவரம் அதுதான். "ஒனக்க தங்கச்சி இன்னைக்கு நாலு தடவ மஸ்கட் போயிட்டு வந்தாச்சு" என்று ஷரீஃப் மாலையில் கணக்குச் சொல்வான்.

உண்மையான பிரீனா மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவன் ஆன்ட்ரூஸ் மஸ்கட்டில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மேற்பார்வையாளன். கல்யாணம் முடிந்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்து வாழ்ந்தது அவனுடைய விடுமுறைகளில் மட்டும். கிட்டங்கி வேலைக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் விசா கிடையாது; நர்ஸ் வேலைக்கு உண்டு. பிரீனா போனால் அவள் மனைவியாகவும் போவாள். அப்பா படுத்திருந்த காலம் முழுக்க அவள்தான் பார்த்துக்கொண்டாள். அப்பா போன பிறகு நிமிர்ந்து பார்த்தால் வயது முப்பத்துநான்கு. ஏஜென்சி எடுப்பது முப்பத்தைந்து முடியாதவர்களை. ஜூலையில் அவளுக்கு முடிகிறது. மே மாதத்தில் திறக்கும் இந்த முறைதான் அவளுக்கு மிச்சம்.

திறப்பதற்கு முந்தின வாரம் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்தாள். பெனிஷ் மீன் குழம்பைத் தொட்டுக்கொண்டு மரச்சீனிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தான்.

"அண்ணே, பொட்டி எப்படி கெடக்கு?"

"எந்தப் பொட்டி?"

"நீ பாக்கிய பொட்டி. மஸ்கட்டுக்க பொட்டி."

"கெடக்கு" என்றான் பெனிஷ்.

"எனக்க பேர எடையில சொருகுன்னு நான் சொல்லேல்ல, கேட்டியா. நான் கூட்டத்தோட கூட்டமா அழுத்திக்கிடுகேன். அது நிக்காம மட்டும் பாத்துக்கோ."

இடையில் சொருகச் சொல்லியிருந்தால் பெனிஷ் நிம்மதியாக மறுத்திருப்பான். அது முடியாத காரியம். சொருகுவதையும் சர்வர் எழுதிவைத்துவிடும். அவள் நியாயமானதை மட்டும் கேட்டுவிட்டாள். அவனால் மறுக்கவும் முடியவில்லை, சரி என்று சொல்லவும் முடியவில்லை.

"என்னத்துக்கு முழிக்கிய? நிக்குமா?"

"பாக்குகேன், ஏட்டி."

மறுநாள் அவன் ஜான்ரோஸ் சாரின் அறைக்குப் போனான். சோதனைப் பெட்டியில் ஆயிரக்கணக்கான போலிப் பிரீனாக்களை ஒரே நேரத்தில் அனுப்பி எடுத்த கணக்கு கையில் இருந்தது. எல்லாவற்றையும் எழுதவைத்தால் சர்வர் தன் நேரத்தில் பெரும்பகுதியை எழுதுவதிலேயே கழித்தது. மிச்ச நேரத்தில் வேலை பார்த்தது.

"சார், திறக்கிய அன்னைக்கு ஒரு நாள் மட்டும் லாகைக் கொறச்சு வைப்போம். மத்த நாளெல்லாம் எழுதட்டும்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "மத்த நாளு யாருடே சண்டைக்கு வாறது? சண்ட வாற ஒரே நாளு அதுதான். அன்னைக்கு எழுதாண்டாம், சும்மா கெடக்கிய நாளு எழுதுன்னு சொல்லுக. இது நியாயமா?"

நியாயம்தான். இந்த விவகாரத்தின் சங்கடமே, சார் சொன்னது ஒன்றும் தப்பாக இல்லை என்பது.

"இல்ல சார், ஆளுங்க பதிலு கெடைக்காம நிப்பாங்க. எனக்க தங்கச்சியும் இந்த தடவ போடுகா. அதுனாலதான் எனக்குத் தெரியும், எவ்வளவு..."

சொல்லியிருக்க வேண்டாம். பெனிஷ் பொய் பேசிப் பழகாதவன். அந்தப் பழக்கமின்மைக்கு அன்று விலை கொடுத்தான்.

"உனக்க தங்கச்சியா?" சார் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். குரல் கனிந்துவிட்டது. "அப்பம் கண்டிப்பா எழுதணும் மக்கா. நாளைக்கு அவளுக்கு எடம் கெடச்சுதுன்னு வை. சர்வர் பாக்கியவனுக்க தங்கச்சி, அன்னைக்குன்னு பாத்து லாகை நிறுத்திப் போட்டானுவன்னு நாலு பேரு பறைய மாட்டானா? நான் உன்னையில்லா காப்பாத்துகேன்."

பெனிஷ் காப்பாற்றப்பட்டவனாக நின்றுகொண்டிருந்தான்.

சாருக்கு மனமிரங்கியது. "மெதுவாகும்னு பயந்தா கூட ரெண்டு மெஷின் எடுத்துக்கோ. நான் வேண்டாம்னு சொல்லேல்ல. ஆனா புஸ்தகம் ஒண்ணுதான். ஒரு சபைக்கு ரெண்டு மினிட்ஸ் புஸ்தகம் உண்டுமா?"

ஒரு மெஷின் மூன்று ஆனது. மூன்றும் ஒரே லாகில் எழுத வேண்டும். ஒன்று எழுதும்போது மற்ற இரண்டும் காத்திருக்கும்.

"மூணு குமஸ்தா, ஒரு பேனா" என்றான் ஷரீஃப். "நல்லதா போச்சு. முந்தி ஒருத்தன் வேல பாக்காம இருந்தான்."

"நீயாவது சார்ட்ட போய்ப் பேசுடே."

"நான் என்ன பேச? வேற சாதி சனத்துக்க கமிட்டி வழக்கத்துல நான் தலையிடப்பிடாதுன்னு எங்க வாப்பா சொல்லிருக்காரு."

"எப்பம் சொன்னாரு?"

"இப்பம் கேட்டா சொல்லுவாரு."

மே மாதம் வந்தது. திறக்கும் நாளன்று பிரீனா விடுப்பு எடுத்துக்கொண்டு, வீட்டில் இணையம் நன்றாகக் கிடைக்கும் மூலையைப் பிடித்து உட்கார்ந்தாள். மறுமுனையில் ஆன்ட்ரூஸ் கிட்டங்கியின் வாசலில் நின்றபடி அவளுடைய இன்னொரு கைபேசியில் இணைப்பில் இருந்தான். தக்கலை மாடியில் பெனிஷும், அவனுக்குப் பின்னால் ஜான்ரோஸ் சாரும் இருந்தார்கள். பத்து மணி அடித்தது.

லாக் திரையில் ஓடத் தொடங்கியது. வந்தார், அழுத்தினார், பெறப்பட்டது, சரிபார்க்கப்படுகிறது. வரிகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருந்தன. ஜான்ரோஸ் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன அழகா வருகு பாத்தியா" என்றார் மெதுவாக.

ஓட்டத்தின் நடுவில் பெனிஷ் அந்த வரியைப் பிடித்துவிட்டான். பிரீனா, குழித்துறை, விண்ணப்பம் பெறப்பட்டது. மிக முன்னாலேயே வந்திருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தது மூன்றாவது மெஷினில். சார் இரக்கப்பட்டுக் கொடுத்த மெஷின் அது. அடுத்த வரி வந்தது: வயது சரிபார்க்கப்படுகிறது. அப்புறம் மற்ற இரண்டு மெஷின்களும் வெகுநேரம் எழுதின. பிறகு வந்தது: வயது சரி.

கைபேசி அதிர்ந்தது.

"அண்ணே, வட்டம் சுத்திட்டே கெடக்கு."

"சுத்தட்டும். தொடாத."

"இன்னொருக்க அழுத்தட்டா? பக்கத்து வீட்டு ஓமனா ரெண்டு தடவ அழுத்திட்டா."

"தொடாத ஏட்டி. உனக்க பேரு இங்க தெரியுகு. வயசு சரின்னு எழுதியாச்சு."

"வயசு சரின்னு எனக்கும் தெரியும். பெறவு?"

"சான்றிதழப் பாத்திட்டு இருக்கு."

"பாத்திட்டு இருக்கா, எழுதிட்டு இருக்கா?"

லாகைப் பற்றி அவளிடம் எப்போது சொன்னோம் என்று பெனிஷுக்கு நினைவில்லை. கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே பின்னால் திரும்பினான்.

"சார், சர்வர் திணறுகு. இப்பம் கொறச்சா கொஞ்சம் பேருக்காவது பதிலு போகும்."

ஜான்ரோஸ் சாரின் முகத்தில் ஒரு கணம் ஏதோ அசைந்தது. இடது கை தானாகவே கொஞ்சம் உயர்ந்தது. "பாதி பேருக்கு எழுதி, பாதி பேருக்கு எழுதாம விட்டா அதவிட பெரிய சண்ட வேற உண்டுமா? ஆரம்பிச்சாச்சு. முடியட்டு."

இதுவும் நியாயமாகத்தான் இருந்தது. சார் அறியாமல் நிறுத்திவிட முடியாதா என்றால், முடியும். ஒரு சொல்லை மாற்றினால் போதும். மாற்றியவன் யார் என்பதுதான் அதன் பிறகு லாகில் விழும் கடைசி வரியாக இருக்கும். அந்த வரியில் பெனிஷின் பெயரும், மேலே சற்றுத் தூரத்தில் அவன் தங்கையின் பெயரும் இருக்கும். பெனிஷ் கையை விசைப்பலகையின் மேல் வைத்தான். ஆலயத்தில் குமிழைத் திருகுவதுபோல, எதையும் மாற்றாத இரண்டு மூன்று விசைகளைத் தட்டினான்.

ஒரு பதிலுக்கு இவ்வளவு நேரம்தான் காத்திருப்பது என்று எந்த சர்வரிலும் ஓர் எல்லை உண்டு. தாண்டினால் இணைப்பு அறுந்துவிடும். முதலில் ஒன்றிரண்டு அறுந்தன. அறுந்த ஒவ்வொன்றுக்கும், ஏன் அறுந்தது, எப்படி அறுந்தது என்று சர்வர் மிக நீண்ட விளக்கம் எழுதியது. அந்த விளக்கத்தை எழுதும் நேரத்தில் இன்னும் பல அறுந்தன. பெனிஷ் திரையின் அடியில் பார்த்தான். பிரீனா, சான்றிதழ் சரி. பிரீனா, இடம் ஒதுக்கப்படுகிறது. அதற்கடுத்த வரி: பிரீனா, காத்திருப்பு நேரம் முடிந்தது.

அவள் மறுபடி அழுத்தினாள். அதையும் சர்வர் முறைப்படி பதிவுசெய்துகொண்டு, கூட்டத்தின் கடைசியில் நிறுத்தியது.

"அண்ணே" என்றாள் சற்று நேரம் கழித்து. "நெறஞ்சு போச்சுன்னு வந்திருக்கு."

"ஆமா. இங்கயும் வந்திருக்கு."

"அத்தான்ட்ட நான் சொல்லிக்கிடுகேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

பிற்பகல் முழுவதும் பெனிஷ் லாகை வாசித்தான். குறை சொல்ல முடியாத லாக். அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எத்தனை பேர், பின்னால் வந்து இடம் பெற்றவர்கள் யார் யார், எந்தெந்த வரி எழுதப்படும்போது அவள் காத்திருந்தாள், எல்லாம் அதில் இருந்தது. லாகைச் சுருக்கி எழுதியிருந்தால் அவளுக்கு இடம் கிடைத்திருக்கும். கிடைத்திருக்கும் என்பதை இவ்வளவு சுத்தமாக நிரூபிக்க முடிந்திருக்காது. அதை சாரிடம் கொண்டுபோய்க் காட்டினான். சார் ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, கமிட்டியில் வாசிப்பதுபோல வாசித்தார்.

பிறகு கொச்சிக்குப் பேசினார். நல்லபடியாகவே வாதாடினார். ஏஜென்சிக்காரர்கள் லாகைப் பார்த்து, இப்படி ஒரு பதிவைத் தாங்கள் கண்டதில்லை என்று பாராட்டினார்கள். இடம் முதலில் வந்தவருக்கு அல்ல, முதலில் முடித்தவருக்கு என்பது நிபந்தனையில் இருப்பதையும் சுட்டிக்காட்டினார்கள். அவள் முடிக்கவில்லை என்பதற்கு ஆதாரம் அந்த லாகிலேயே இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து சார் குழித்துறைக்கு வந்தார். பிரீனாவின் வரிகள் மட்டும் அச்சிட்ட ஒரு தாளைச் சிறிய மேஜையில் விரித்து வைத்தார். அடியில் நிறுவனத்தின் முத்திரையும் அவருடைய கையெழுத்தும். பிரீனா கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தாள். டம்ளரை வைக்க வேறு இடமில்லாமல் தாளின் ஓரத்திலேயே வைத்தாள்.

"நீ நேரத்துக்கு வந்தேங்கியதுக்கு இது அத்தாட்சி, மோளே" என்றார்.

"நான் வந்தது எனக்குத் தெரியுமே சார்."

"இல்ல, ஒரு நாளைக்கு உதவும்."

"என்னத்துக்கு சார்?"

இடது கை கொஞ்சம் உயர்ந்தது. எழுதிக்கொள்ள எதுவும் இல்லாததால் அப்படியே மடியில் இறங்கியது. சார் சாயாவைக் குடித்தார். டம்ளரை எடுத்த இடத்தில் ஈர வட்டம் ஒன்று இருந்தது. பெனிஷ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூலை வந்தது, போனது. ஆன்ட்ரூஸ் கிறிஸ்துமஸுக்கு விடுமுறை கேட்டிருப்பதாகச் சொன்னான்.

ஆகஸ்டில் ஜான்ரோஸ் சார் கூட்டம் கூட்டினார். மே மாதம் சர்வர் திணறியதன் காரணத்தைக் கண்டுபிடிப்பது என்று தீர்மானம். எழுதுவதுதான் காரணம் என்று பெனிஷ் சொன்னான். சார் கையை உயர்த்தி அதை எழுதிக்கொண்டார், வாசித்தார், எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எழுதுவதிலும் எந்த எழுத்து காரணம் என்று துல்லியமாகத் தெரியும்படி, அடுத்த முறைக்கு இன்னும் விரிவாக எழுதவைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. வழிமொழிந்தது ஷரீஃப். வெளியே வந்து, "யாராவது வழிமொழிஞ்சாதானே மக்கா எந்திரிக்க விடுவாரு" என்றான்.

பெனிஷ் புதிய வரிகளைச் சேர்த்தான். சோதனைப் பெட்டியைத் திறந்து, பழக்கத்தில் பிரீனா என்று அடித்தான். பிறந்த தேதியும் விரலில் வந்தது. பொத்தானை அழுத்தினான். பெட்டியில் கூட்டம் இல்லை. பதில் வர ஒரு நொடிகூட ஆகவில்லை. வயது வரம்பு கடந்தவர்.

பிறந்த வருஷத்தில் ஒன்றைக் கூட்டினான். மறுபடி அழுத்தினான். வயது சரி. சான்றிதழ் சரி. இடம் ஒதுக்கப்பட்டது. அதை ஒவ்வொரு வரியாக எழுதி, டிஸ்கில் விழுந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே திரை அடுத்த பக்கத்துக்குப் போனது.